மாதிரிக் குமிழில் வைத்த பொட்டு

டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சேர்ந்த பட்டறையில் ஒரே ஒரு பொருள்தான் செய்தார்கள். வெளிநாட்டுச் சொகுசுக் கார் ஒன்றின் கியர் குமிழுக்குத் தோல் உறை. வெண்ணெய் நிறத் தோலை வெட்டி, குமிழின் மேல் இழுத்துப் போர்த்தி, கையாலேயே தைக்க வேண்டும். ஒரு குமிழுக்கு நாற்பத்தெட்டுத் தையல். மெஷின் வைக்கக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் நிபந்தனை. சேர்ந்த முதல் நாள் எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையில், தோல் ஏப்ரன் கட்டிய மீசைக்காரர் ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக இந்தக் கைப்பழக்கம் மாறவில்லை என்று பின்னணியில் ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது. இப்போது அதைத் தைப்பவர்கள் ஆவடியிலிருந்தும் திருமுல்லைவாயிலிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வரும் பன்னிரண்டு பெண்கள். அவர்கள் படத்தில் இல்லை.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் கார் மின்சாரத்துக்கு மாறியது. அதில் கியர்பெட்டி கிடையாது. குமிழுக்கு அடியில் இருப்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். ஆனாலும் குமிழின் உருவமும் தையலும் பழையபடியே இருக்க வேண்டும் என்று வரைபடத்தோடு கடிதம் வந்தது. தையல் பிரிவில் எல்லோருக்கும் மூத்த அக்காவிடம் போய் இதைச் சொன்னேன்.

“அப்ப கீய ஒண்ணுமே இல்லியா?”

“ஒயரு மட்டும்தான்க்கா.”

“ஒண்ணுமில்லாத கியருக்கு இன்னாத்துக்கு தம்பி சார் இவ்ளோ அலங்காரம்? மாப்ள இல்லாத கல்யாணம் மாரி கீது.”

பக்கத்தில் இருந்தவர்கள் ஊசியை நிறுத்தாமலேயே சிரித்தார்கள். கடிதத்தில் ‘மரபு’ என்ற பொருள்படும் சொல் நான்கு இடத்தில் இருந்தது. காரணம் என்று தனியாக எதுவும் இல்லை.

என் வேலை தர ஆய்வு. அந்தக் கம்பெனியின் தலைமை ஆலையில் தைத்து, கையெழுத்துச் சீட்டு ஒட்டி அனுப்பிய ஒரு குமிழ் எங்களிடம் இருந்தது. அதை மாஸ்டர் என்போம். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போம். ஒவ்வொரு நாளும் காலையில் அதை வெள்ளை விளக்கடியில் வைத்து, அன்றன்று தைப்பவற்றின் நிறத்தையும் தையலையும் அதோடு ஒப்பிட வேண்டும். மாஸ்டர் மாதிரி இருந்தால் போகும், இல்லாவிட்டால் கழிவுத் தட்டு. சாவி என்னிடம் மட்டும். ஆறு மாதப் பயிற்சி முடிந்து, கார் கம்பெனியின் ஆடிட்டும் நல்லபடியாகப் போனால் எனக்கு நிரந்தரக் கடிதம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இதே எஸ்டேட்டில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர். அந்தக் கடிதத்தை லேமினேட் பண்ண எவ்வளவு ஆகும் என்று குமணன்சாவடி ஜெராக்ஸ் கடையில் முன்னாலேயே விசாரித்து வைத்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் ஆயுத பூஜை வந்தது. காலையிலிருந்து பட்டறையைக் கழுவி, வெட்டும் மெஷின், கத்தரி, ஊசி டப்பா, ஃபோர்க்லிஃப்ட், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. அக்கா கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தார். விளக்குக்கு வைத்தார். மேசைக்கு வைத்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

“இத்தத் தொற.”

“மாஸ்டர்க்கா. கையுறை இல்லாம தொடவே கூடாது.”

“நாம தொடக் கூடாது, சரி. பூஜைக்கு இன்னா? நேத்து வந்த ஸ்டாப்ளருக்கு வெச்சிகினு கீறோம். டெய்லி இத்தப் பாத்துதான நம்பள பாஸு, ஃபெயிலுன்ற? இதுக்கு வெக்காம உட்டா நல்லாவா கீது?”

சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உண்மையில் அந்தப் பட்டறையில் பூஜை செய்யத் தகுந்த பொருள் ஒன்று உண்டென்றால் அது அதுதான். பூட்டைத் திறந்தேன். அக்கா மோதிர விரலால், உச்சியில் நட்ட நடுவே, அளந்து வைத்ததுபோல் பொட்டு வைத்தார். பெட்டியைப் பூட்டிவிட்டுப் பொரிகடலை வாங்கப் போனேன்.

இரண்டு நாள் விடுமுறை. மூன்றாம் நாள் காலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, சிவப்பு நின்றிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. புள்ளியாக இருந்தது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பரவி, தோலுக்குள் இறங்கி, இளஞ்சிவப்பாக உட்கார்ந்துகொண்டது. ஆடிட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மேனேஜர் குமிழை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு வெச்சது?”

சொன்னேன்.

“சரி. தைக்கிற அம்மா கேக்காம எடுத்துட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதிடு. அவங்க காண்ட்ராக்ட்டுதான், வேற எடத்துக்கு மாத்திடறேன். உனக்குக் கடிதம் வரணுமா வேணாமா?”

“வரணும் சார்.”

“அப்ப எழுது.”

எழுத உட்கார்ந்தேன். அந்த ரிப்போர்ட் படிவத்தில் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டிருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன் என்று கேட்டு, அடிக் காரணத்துக்குப் போக வேண்டும். மாஸ்டர் ஏன் கறையானது? குங்குமம் பட்டது. ஏன் பட்டது? தையல் பிரிவுப் பெண் ஒருவர் கேட்காமல் எடுத்துவிட்டார். மூன்றாவது ஏனில் பேனா நின்றது. பூட்டிய பெட்டியிலிருந்து ஏன் எடுக்க முடிந்தது? அதற்கு நான் என்ன எழுதினாலும், ஒன்று அவர் பூட்டை உடைத்தார் என்று ஆகிறது, அல்லது நான் பூட்டவில்லை என்று ஆகிறது. இரண்டும் நடக்கவில்லை. நான் பெரிய நியாயஸ்தன் என்று இதைச் சொல்லவில்லை. இரண்டாவது வரி வரைக்கும் எழுதிவிட்டேன்தான். பொய்க்கு அந்தப் படிவத்தில் இடம் போதவில்லை.

புதுப் படிவம் எடுத்து, நானே திறந்து கொடுத்தேன் என்று எழுதினேன். ஏன்? ஆயுத பூஜை. ஏன் மாஸ்டருக்கு? கருவிகள் எல்லாவற்றுக்கும் வைப்பது வழக்கம், இதுவும் கருவி. ஐந்தாவது ஏனுக்கு, இது கருவி இல்லை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, “உன் தலையெழுத்து” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆடிட்டுக்கு வந்தவர் கார் கம்பெனியின் புனே ஆபீஸைச் சேர்ந்த அம்மையார். தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த படிவத்தை நின்றுகொண்டே படித்தார். நான்காவது ஏனை மறுபடி படித்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பிறகு சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னிடம் மட்டும்தான் என்றேன். ஒரே ஆள் தன்னிஷ்டத்துக்குத் திறக்கலாம் என்றால் அதுதான் குறை, கறை அதன் விளைவு என்றார். இனி இரண்டு பூட்டு, இரண்டு ஆள். புது மாஸ்டர் அனுப்புவார்கள். பழைய மாஸ்டர்கள் எதையும் அவர்கள் எறிவதில்லையாம். தலைமை ஆலையில் அந்தந்தக் காரின் வரைபடங்களோடு சேர்த்து வைத்துவிடுவார்களாம். குமிழைப் பாலிதீன் பையில் போட்டு, திருப்பி அனுப்பும் காரணம் என்ற இடத்தில் குங்குமம் என்று, என் படிவத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார்.

பட்டறைக்கு அனுமதி கிடைத்தது. எனக்குக் கடிதமும் வந்தது. பயிற்சிக் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது, அதன் பிறகு பரிசீலிக்கப்படும் என்றது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தையல் பிரிவு வழியாக வந்தேன்.

“இன்னா தம்பி, வந்துச்சா?” என்றார் அக்கா.

“மூணு மாசம் தள்ளிட்டாங்கக்கா.”

ஊசி நின்றது. “என்னாலயா?”

“சாவி என்கிட்டதான இருந்துச்சு.”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நான் பன்னெண்டு வருஷமா காண்ட்ராக்ட்டுலயே கீறேன். உனுக்கு மூணே மாசம். இருந்துட்டுப் போயேன்.” முடித்த குமிழைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். “இத்தப் பாரு. பாஸா இல்லியா சொல்லு.”

விளக்கடிக்கு எடுத்துப் போனேன். இருபதாவது தையல் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது. கழிவுத் தட்டில் போட்டேன்.