எங்கள் தெருச் சாக்கடையும் பதினான்கு சரிவுகளும்

தேனியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் எங்கள் தெருச் சாக்கடையில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கார் வாங்கினோம். காரை உள்ளே ஏற்றுவதற்கு வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டோம். எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள், பதினான்கு சரிவுகள். சாக்கடை அடியில் போய்விட்டது. தண்ணீர் போகக் குழாய் விட்டிருப்பதாக எல்லோரும் சொன்னோம். எவ்வளவு அகலம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் என் கை நுழையும், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். அன்றைக்குத்தான் ஆற்று வடிகால்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு வந்திருந்தேன். திருத்தாத விடைத்தாள்கள் கூடத்தில் மிதந்துகொண்டிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தெருக்காரர்களை வீட்டுக்கு அழைத்தேன். எல்லோரும் வந்தார்கள். சரிவுகளை எடுத்தால்தான் தண்ணீர் வடியும் என்றேன். முதலில் ஆமோதித்தவர் அடுத்த வீட்டுக்காரர். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே சொட்டுநீர்க் குழாயில் ஒரு அடைப்பு என்றாலும் வேலையாட்கள் மீது பாய்வார்.

“டீச்சர் சொல்றதுதான் சரி. சாக்கடை பொதுச்சொத்துல்ல? அம்புட்டுச் சரிவையும் எடுத்துரணும்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நகராட்சிக்கு மனு எழுதினேன். பதினான்கு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நகராட்சி ஆட்கள் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு ஜேசிபியோடு வந்து நின்றார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. தெருக்காரர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அன்று காலை பதின்மூன்று சரிவுகளிலும் கார்கள் நின்றன. வழக்கமாக உள்ளே நிற்கும் கார்களை வெளியே எடுத்து, சரிவின்மேல் நிறுத்தி, பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்டிபட்டியில் ஏதோ கல்யாணமாம். காரை இங்கே விட்டுவிட்டு எல்லோரும் பஸ்ஸில் போயிருக்கிறார்கள்.

ஜேசிபி ஓட்டுநர் இறங்கி வந்தார். “அக்கா, காலியா இருக்கது ஒங்களது மட்டுந்தான். என்ன செய்ய?”

என் கணவர் வாசலில் நின்று என்னையே பார்த்தார். “மனுவுல மொதக் கையெழுத்து யாரோடது?” என்று மட்டும் கேட்டார். திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் வாய் “உடைங்க” என்றது. பத்து நிமிடத்தில் எங்கள் சரிவு கல்லும் மண்ணுமாகக் கிடந்தது.

சாயங்காலம் எல்லோரும் திரும்பினார்கள். கார்கள் உள்ளே போயின. காலையிலேயே வெளியே எடுத்து வைத்திருந்த எங்கள் கார் தெருவிலேயே நின்றது. அடுத்த வீட்டுத் திராட்சைத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அடடா, டீச்சர் வீட்டை மட்டும் உடைச்சுட்டுப் போயிட்டாகளா? ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருப்போமே.”

“எத்தன தடவ போட்டேன் தெரியுமா?”

“அங்கன டவர் கெடைக்கல டீச்சர்.”

அதன்பிறகு ஒரு மாதம் நான் அந்தத் தெருவில் யாருடனும் பேசவில்லை. காய்கறிக்காரரிடம் பேசும்போதுகூடக் குரல் கடுமையாகத்தான் வந்தது.

அடுத்த வருடக் கோடை மழையில் எங்கள் வீட்டு முன்னால் தண்ணீர் நிற்காமல் ஓடியது. ஓடிப்போய்த் தோட்டக்காரர் வீட்டுக் குழாயில் முட்டி, மேலே ஏறி, அவர் வீட்டுக்குள் புகுந்தது. மழை விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஒங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருது டீச்சர். சரிவு இருந்தவரைக்கும் இப்படி இல்லையே. மறுபடியும் போட்டுருங்க.”

“போன வருசம் எங்க கூடத்துல நின்னுச்சே, அது யாரு வீட்டுத் தண்ணிங்க?” என்று கேட்டேன். அதற்குமேல் அவர் என்னைச் சரிவு போடச் சொல்லவில்லை. ஆனால் தன் சரிவை உடைக்கவும் இல்லை. இன்னும் இரண்டு மழை பொறுத்துப் பார்த்தார். இரண்டாவது மழையில் அவர் வீட்டுப் புது மெத்தை நனைந்தது. மறுநாள் தோட்டத்திலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, தானும் கடப்பாரை பிடித்துச் சரிவைப் பெயர்த்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ‘இதற்கு ஒரு வருடமா?’ என்ற எரிச்சல்தான் வந்தது.

தண்ணீர் அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. அந்த வீட்டு அம்மா தோட்டக்காரரிடம் சண்டைக்கு வந்தார். “தண்ணிக்கு வழி விடணும் ஆத்தா, அதை நாம மறிக்கக் கூடாது” என்று அவர் பொறுமையாக விளக்குவது எங்கள் ஜன்னல்வரை கேட்டது. ஏதோ தானே கண்டுபிடித்ததுபோலப் பேசினார்.

இப்படியே நான்கு சரிவுகள் போயிருக்கின்றன. ஐந்தாவது வீட்டுக்காரர் வேறு வழி பார்த்தார்: வாசற்படியை ஓர் அடி உயர்த்திக் கட்டிக்கொண்டார். இப்போது தண்ணீர் சாலையைத் தாண்டி எதிர்வரிசை வீடுகளுக்குப் போகிறது.

போன வாரம் எதிர்வரிசையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தங்கள் பக்கமும் கூட்டம் போடப் போகிறார்களாம். எனக்கு அனுபவம் இருப்பதால் மனுவை நான்தான் எழுத வேண்டுமாம். விடைத்தாள் திருத்த வேண்டும், நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரைமணி நேரம் விடைத்தாள்களின் முன் உட்கார்ந்திருந்தேன், ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனேன்.