தொண்ணூறு நாள் விருந்தாளி

என் கணவர் ஷார்ஜாவில் வந்து இறங்கியபோது அவருடைய விசாத்தாளில் 'அழைப்பவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. 'உறவு' என்ற இடத்தில் மனைவி. 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் சுற்றிப் பார்த்தல். தாலி கட்டிய மனுஷன் சொந்தப் பெண்டாட்டியைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார் என்று ஒரு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. அதை வாசித்துவிட்டு நான் விமான நிலையத்திலேயே சிரித்துவிட்டேன். அவர் ராகி மாவு மூட்டையைத் தோளில் சுமந்தபடி, எதற்குச் சிரிக்கிறாள் இவள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் நர்ஸ். பெங்களூரில் படித்து, ஓசூரில் இரண்டு வருடம் ஊசி போட்டு, அப்புறம் ஷார்ஜாவில் வேலை கிடைத்துப் போனவள். அவர் ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டும் டர்னர். கல்யாணத்துக்கு எனக்கு ஒரு மாத லீவு கிடைத்தது. துணி எடுத்ததும் விருந்து சாப்பிட்டதும் போக நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்து பேசியது பத்து நாள் இருந்தால் அதிகம். அதன் பிறகு ஒரு வருடம் வெறும் கடிதம்தான்.

வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், கணவனைத் தன் பொறுப்பில் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். ஆனால் குடியிருப்பு விசாவுக்கு நாளாகும். முதலில் விசிட் விசாவில் வரவழைத்துவிட்டு, அவர் இங்கே இருக்கும்போதே மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். விசிட் விசா இரண்டு மாதம், நீட்டினால் மூன்று. அவர் ஃபேக்டரியிலும் சம்பளமில்லாத லீவு தொண்ணூறு நாள்தான் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறு நாளுக்குள் குடியிருப்பு விசா வந்துவிட்டால் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. வராவிட்டால் அவர் மறுபடியும் ஓசூரில் லேத், நான் இங்கே ஊசி, நடுவில் தபால்காரர்.

ஃபேக்டரி கேட்டில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

"என்னாபா, எல்லாரும் பொண்டாட்டிய ஃபாரின் கூட்டிட்டுப் போவாங்க. உன்னை உன் பொண்டாட்டி கூட்டிட்டுப் போவுதா?"

"ஆமாப்பா, எனக்கு அந்த யோகம். உனக்கு இல்லன்னா நான் என்னா பண்றது?" என்பாராம். அந்தப் பதிலுக்காகவே அவரை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம்.

குடியிருப்பு விசாவுக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது கல்யாணச் சான்றிதழ். அதில் கல்யாணம் நடந்த மாநில அரசின் முத்திரை வேண்டும். அதற்கு மேல் டெல்லி முத்திரை; அதை ஏஜெண்டு மூலம் வாங்கிவிடலாம். இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை நாங்கள் செய்து வைத்திருந்தோம்.

என் அப்பா வீடு எல்லையோரத்தில். வாசலிலிருந்து அரை மைல் நடந்தால் சர்ச். நடுவில் ஒரு செக்போஸ்ட். சர்ச் கர்நாடகத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும், ஆனால் ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. பால் வாங்க அந்தப் பக்கம் போவோம், அவர்கள் பஸ் ஏற இந்தப் பக்கம் வருவார்கள். கல்யாணத்தன்று பேண்டு வாத்தியத்தோடு நாங்கள் நடந்து போனபோது செக்போஸ்ட்காரர் லாரிகளை நிறுத்திவிட்டு எங்களுக்கு வழிவிட்டார். சாமியார் கன்னடத்தில் சம்மதம் கேட்டார், நான் தமிழில் சம்மதம் சொன்னேன். பிறகு எல்லோரும் ஓசூருக்கு வந்து மண்டபத்தில் பிரியாணி சாப்பிட்டோம். சாப்பாடு எங்கேயோ அங்கேதானே கல்யாணம்? விண்ணப்பத்தில் 'திருமணம் நடந்த இடம்' என்ற கட்டத்தில் என் கணவர் கூசாமல் ஓசூர் என்று எழுதிவிட்டார்.

எழுதிவிட்டு ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து மெட்ராஸ் போயிருக்கிறார். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"சர்ச் எந்த ஸ்டேட்டுல இருக்கு?"

"நடந்து போற தூரம்தான் சார்."

"தூரம் கேக்கலை. எந்த ஸ்டேட்டு?"

இவருக்கு அப்போதுதான் வியர்த்திருக்கிறது. "கர்நாடகா" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "அப்போ பெங்களூர் போய்க் கேளுங்க" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற பெங்களூரை விட்டுவிட்டு, எங்கேயோ இருக்கிற மெட்ராஸுக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார் என் கணவர். ஓசூர் திரும்பியபோது விமானத்துக்கு ஒரே நாள் பாக்கி. சான்றிதழை அம்மா கையில் கொடுத்து, "பெங்களூர்ல குடுத்து சீல் வாங்கிரும்மா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

அந்த அம்மா, என் அத்தை, தொழிற்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்தார். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் கார்டு பஞ்ச் பண்ணுவார்கள். மாமா இறந்த பிறகு ஒற்றை ஆளாக நின்று நடத்திய கடை, ஒரே மகன். மாவாட்டுவது அந்த மகனின் வேலை. ஷிப்டு எதுவாக இருந்தாலும் ஆட்டுரலில் உட்கார்ந்து ஆட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். போனஸில் ஒரு கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்று நாலு வருடமாகக் கேட்டுப் பார்த்தார். "கரண்டுல ஆட்டுன மாவு பொங்காது" என்று அத்தை ஒரே பிடியாக நின்றுவிட்டார். மகன் விமானம் ஏறும்போதும் அத்தை மாறவில்லை: "மூணு மாசம்தானே, நானே ஆட்டிக்கறேன். வந்து நீ ஆட்டு."

ஷார்ஜாவில் அந்த மாதங்களை எப்படிச் சொல்வேன்? சந்தோஷத்தில் எனக்கு எடை கூடியது. விசிட் விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனால் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. வீட்டில் சொட்டிய குழாயெல்லாம் இரண்டே நாளில் நின்றது. வாஷிங் மெஷின் ஓடும்போது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பெல்ட்டு தேஞ்சிருக்குது" என்பார். திறந்து பார்த்தால் தேய்ந்திருக்கும். லேத்தில் உளி மழுங்கினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துப் பழகிய காது அது. நான் ட்யூட்டி முடிந்து வந்தால் களி கிண்டி வைத்திருப்பார். மிக்ஸியில் மாவரைத்து இட்லியும் ஊற்றுவார். என்னோடு வேலை பார்த்த மலையாளி நர்ஸ்கள், "சேட்டன் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட வருவார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து என் புருஷனோடு எனக்குக் காதல் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சான்றிதழ் மட்டும் வரவில்லை.

அத்தையின் கடைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. வாரம் ஒருமுறை நான் கூப்பிட்டால் பூத்துக்காரர் கத்துவார், அத்தை ஓடி வருவார்.

"அத்தை, பெங்களூர் போனீங்களா?"

"போவணும் கண்ணு. கடைய யாரு பாக்கறது?"

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் அங்கே ஆபீஸ் லீவாம். அதற்கும் அடுத்த வாரம், "அரிசி டின்னு மேல பத்திரமா வச்சிருக்கறேன், கவலப்படாத" என்றார். நாற்பது நாள் போய்விட்டது. ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க நாற்பது நாளா? எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்கம்மாவுக்கு நீங்க இங்க இருக்கறது புடிக்கல. வேணும்னே செய்யறாங்க" என்று அவரிடம் கத்தினேன். அது உண்மை என்று அவருக்கும் தெரியும். அம்மா கூப்பிட்டால் போகாமல் இருக்கத் தன்னால் முடியாது என்பதும் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு முடிவோடுதான் ஃபோனை எடுத்தேன். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அத்தை முந்திக்கொண்டார்.

"பின்னால யாரு பாடறது கண்ணு? ரேடியோவா?"

திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் அவர் வெங்காயம் நறுக்கியபடி பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல் என்று பொய் சொல்ல மாட்டேன்.

"உங்க மகன்தான் அத்தை."

"அவனா? பாடறானா?"

"தினம் பாடறாரு. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தறதில்ல."

"அவன் பாடறானாம்ப்பா" என்று அத்தை பூத்துக்காரரிடம் சொல்வது கேட்டது. பிறகு மெல்லக் கேட்டார், "மாவு ஆட்றானா அங்க?"

"மிக்ஸியில அரைக்கறாரு. இங்க வெயிலுக்கு நாலு மணி நேரத்துல பொங்கிடுது அத்தை."

"நாலு மணி நேரத்துலயா!" என்றார் அத்தை. ஓசூர் குளிரில் மாவுப் பாத்திரத்துக்குச் சாக்கு போர்த்திப் போர்த்திப் பழகியவர். "மிக்ஸி மாவு கூடப் பொங்குதா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சண்டை போட எடுத்த ஃபோனில் மாவுக் கதை பேசி முடித்திருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

எழுபத்து நாலாம் நாள் தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் ஊரிலிருந்து வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே சான்றிதழ். பெங்களூர் முத்திரை, அதற்கு மேல் டெல்லி முத்திரை, எல்லாம் அழகாக இருந்தது. கூடவே ஒரு கேசட். எங்கள் பக்கத்தில் எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம்.

நான் டேப் ரிக்கார்டரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வேணாம். விசா குத்தட்டும். அம்மா அழுதிருந்தாங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

கேசட் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. காகிதங்கள் விசா ஆபீசுக்குப் போயின. ஒவ்வொரு நாளும் ட்யூட்டிக்குக் கிளம்பும்போது கேசட்டைப் பார்ப்பேன், கை பரபரக்கும், விட்டுவிடுவேன். எண்பத்தாறாம் நாள் அனுமதி வந்தது. ஆனால் விசிட் விசாவில் வந்தவர் ஒருமுறை நாட்டைவிட்டு வெளியே போய், புது விசாவில் திரும்ப உள்ளே வர வேண்டும் என்று ஒரு சடங்கு. கடலுக்கு அந்தப் பக்கத் தீவு ஒன்றுக்குக் காலை விமானத்தில் அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தவர், பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டினார். "நம்மூர்ல எல்லைய சைக்கிள்ல தாண்டுவேன், ஒருத்தன் கேக்க மாட்டான்" என்றார். நான் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். விருந்தாளி இனி வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் அவரே போய்க் கேசட்டை எடுத்துப் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், நல்லா இருக்கறியா? பெங்களூர் போனேன்டா. அந்த ஆபீசரு கன்னடத்துல கேட்டாரு, கல்யாணம் எங்க நடந்துச்சுன்னு. நான் கன்னடத்துலயே சொன்னேன், தாலி உங்க ஊர்ல, சாப்பாடு எங்க ஊர்லன்னு. சிரிச்சுட்டாரு. சீல் குத்திட்டாரு..."

அத்தையின் குரலுக்குப் பின்னால் கடகடவென்று ஏதோ ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபேக்டரிச் சத்தம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"என்னா சத்தம்னு பாக்கறியா? கிரைண்டர் வாங்கிட்டேன்டா. மாவு நல்லாத்தான் பொங்குது. இனிமே ஆட்றதுக்கு நீ வர வேணாம் சாமி. பாடிக்கினு அங்கியே இரு."

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் எதை அழுத்தினால் ரிக்கார்டர் நிற்கும் என்று அத்தைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அரிசி டின்மேல் நாற்பது நாள் கிடந்த அந்தத் தாளை நினைத்துக்கொண்டேன். அத்தையைப் பற்றி நான் கத்தியதையும் நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். இரண்டு பேரும் டேப்பை நிறுத்தாமல், அந்தப் பக்கம் முடியும் வரை கிரைண்டர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டேப் டக்கென்று நின்றதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உளுந்துக்குத் தண்ணி பத்தல. சத்தத்துலயே தெரியுது" என்றார். "ஃபோன் போடு, அம்மாகிட்ட சொல்லணும்."