விலை பேசாத விருந்தாளி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மொன்றியலில் சென்ட் லோரன்ட் பகுதியில், நானும் கணவரும் உணவகங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் வெற்றுப் பெட்டிகள் விற்கும் சிறிய கிடங்கு ஒன்றைத் தொடங்கினோம். பெட்டிகள் சீனாவிலிருந்து வரும். அந்தச் சீனக் கம்பனியின் ரொறன்ரோ பிரதிநிதி ஓர் இளம் பெண். முதன்முறை வந்தபோது அவள் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டில் என்ன சமையல் என்று ஒரே விசாரணை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் நண்டுக்கறி வைத்துக் கொடுத்தேன். விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள்.

கணவர் குசினிக்குள் வந்து காதைக் கடித்தார். "என்னப்பா, இவ வியாபாரம் கதைக்க வந்தவவோ, பொம்பிளை பாக்க வந்தவவோ?"

விலைப் பேச்சு அவள் மூன்றாம் முறை வந்தபோதுதான் தொடங்கியது.

அடுத்த குளிர்காலம், குழந்தைக் காப்பகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் பெரிய சமையற்கூடம் ஒன்று எங்களிடம் பெட்டி வாங்கச் சம்மதித்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அது கைநழுவினால் கடையை மூட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், எங்கள் பெட்டிகள் வந்த கப்பல் கொள்கலன் வான்கூவர் துறைமுகத்திலேயே கிடக்கிறதாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்குத்தான் அழைத்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்று போனை வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் பக்கத்து நகரமான லவாலில் இருந்து ஒரு சீனர் அழைத்தார். அவருக்கும் எங்கள் தொழில்தான், அதே கம்பனியின் பெட்டிகள். போட்டிக்காரர் என்று நாங்கள் ஒதுங்கியே நடந்த மனிதர். உங்கள் வான் வண்டியைக் கொண்டுவாருங்கள், பெட்டி தருகிறேன் என்றார்.

கொட்டும் பனியில் நின்று தானே ஏற்றிவிட்டார். உங்கள் சாமான் வந்ததும் திருப்பித் தந்தால் போதும் என்றார். முன்பின் தெரியாத எங்களுக்கு ஏன் என்று கேட்டேன்.

"என் சாமான் வராதபோது அவள் சொல்லி ஒரு வியட்நாம்காரர் தந்தார். உங்கள் வீட்டு நண்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள்" என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் கணவர் மெல்லச் சொன்னார். "முதல் வந்த அண்டைக்கு அவ பெட்டி விக்க வரேல்லையப்பா. நாங்கள் எப்பிடிப்பட்ட ஆக்களெண்டுதான் பாத்திட்டுப் போயிருக்கிறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை சமையற்கூடத்துக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் எத்தனையோ கம்பனிகள் மலிவாகத் தருவதாகச் சொல்லி வந்தன. நாங்கள் மாறவில்லை, லவால்காரரும் மாறவில்லை. அவள் கம்பனி இப்படித்தான் வளர்கிறது என்பது விளங்காத அளவுக்கு நான் ஒன்றும் பேதை இல்லை. விளங்கியும் நன்றி குறையவில்லை.

போன கிழமை அவள் மறுபடி அழைத்தாள். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் புதிதாகக் கடை போட்ட ஹெயிட்டிப் பெண் ஒருத்திக்குச் சாமான் வரவில்லையாம். நான் பதில் சொல்லுமுன் கணவர் கிடங்குச் சாவியை எடுத்துவிட்டார். பெட்டிகளை ஏற்றும்போது அந்தப் பெண்ணும் என்னிடம் ஏன் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்கும் இடத்தில் நானும் நிற்கிறேனே, அதற்காகவே அந்த நண்டுக்கறி விருந்தாளிக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.