ஆண்டியப்பனுக்கு வர வேண்டிய மிதி

நாட்டில் கரண்ட் போவதற்கு ஆண்டியப்பன்தான் காரணம் என்று கொட்டகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேச்சு அடிபட்டது. மழை பொய்த்து, நீர்த்தேக்கமெல்லாம் வற்றி, ஊருக்கு ஊர் முறை வைத்துக் கரண்டை வெட்டிக்கொண்டிருந்த இரண்டாயிரத்தொன்றாம் வருடம் அது. அரசாங்கம் காரணத்தை வானத்தில் தேடியது. தோட்டத்து ஜனங்களோ மேல் லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆண்டியப்பன் பெக்டரிச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்து, கரண்ட் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். தெய்வமும் தன் எல்லை எதுவென்று தெரியாமல் கொழும்பு வரைக்கும் அணைத்துவிட்டதாம்.

விசாரித்துப் பார்த்ததில், தேங்காய் உண்மை. பூசாரி மாயாண்டியே சாட்சி. அதில் ஒரு மூடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்பல் அரைத்தவரும் அவர்தான். வேண்டுதல்தான் வேறு. அதைச் சொல்வதற்குப் பலகை அறுக்கும் வாளிலிருந்து தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், குழந்தைக் காப்பகமாக இருந்து கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைப் பொதுப் பட்டறையாக மாற்றிக்கொடுத்தது கொழும்பு அமைப்பு ஒன்று. திறப்பு விழாப் பேச்சு நீளம். கொடுத்த சாமான் கொஞ்சம். அதில் உருப்படியானது ஒரு மிதிவாள். சில்லுக் கழற்றிய சைக்கிளில் ஒருவர் ஏறி மிதித்தால், சங்கிலி சுழன்று, பக்கத்து மேசையில் மெல்லிய வாள் ஏறி இறங்கும். இன்னொருவர் பலகையை நகர்த்தி வெட்டலாம். பெயர்ப் பலகை, படச்சட்டம், கோயில் திருவிழாவுக்கு எழுத்து, பிள்ளைகளுக்கு யானை, எல்லாம் அதில்தான். தனியாளாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஜனங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: எனக்காக நீ எவ்வளவு மிதித்தாயோ, அவ்வளவை உனக்காக நான் மிதிக்க வேண்டும்.

ஆண்டியப்பன் பெக்டரியில் தேயிலை உருட்டும் ரோலரடியில் நின்று, வயதாகி வேலைப் பட்டியலில் பேர் வெட்டப்பட்டவர். மனைவி சரோஜா போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையில்லை. வெட்ட ஒன்றுமில்லாத மனிதர் என்பதால் அவர் மிதித்தார். அந்தி சாய்ந்ததும் சைக்கிளில் ஏறிவிடுவார். வெட்டுகிறவர்கள் பேசிக்கொண்டே வெட்டுவார்கள். யார் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள், எந்தக் கணக்கப்பிள்ளைக்கு மாற்றல் வந்தது என்கிற செய்தியெல்லாம் சைக்கிளிலேயே அவருக்கு வந்து சேரும். மூன்று லயத்து ஜனமும் அவருக்கு மிதி பாக்கி. ஒருவரிடமும் அவர் வசூலித்ததில்லை. தெருவில் கண்டவன் ஒதுங்கிப் போகாமல், “அண்ணே, ஒங்களுக்கு மிதிக்கணும், மறக்கல்ல” என்று நின்று பேசிவிட்டுப் போவான். தோட்டத்தில் அவரைப் போலக் கடன் கொடுத்தவர் வட்டிக்கடைக்காரரையும் சேர்த்து ஒருவருமில்லை.

அப்படியிருக்கையில் மிதிவாளின் அச்சு முறிந்தது. அமைப்புக்காரர்கள் பழையதை ஒட்ட வேண்டாம், கரண்ட் வாளே தருகிறோம் என்றார்கள். கூட்டம் கூடியது. பட்டறைத் தலைவர் வீரய்யா கடைசியில் அவரைப் பார்த்துத் திரும்பினார்.

“ஆண்டியப்பண்ணே, ஒங்க காலுக்குத்தான் லீவு கெடைக்கப் போவுது. நீங்களே சொல்லுங்க.”

அச்சைக் கொட்டகலையில் ஒட்டிவிடலாம் என்பது ஆண்டியப்பனுக்குத் தெரியும். வாய்வரைக்கும் வந்தது. எதிரே நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். பகலெல்லாம் மலையில் கொழுந்து கிள்ளிவிட்டு, மாலையில் வந்து அடுத்தவருக்கு மிதித்துக் கடன் அடைப்பவள். பேச்சு முடியட்டும் என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் வந்த சொல்லை விழுங்கிவிட்டுப் புது வாளுக்குக் கை தூக்கினார்.

அது வந்து இறங்கிய அன்று எல்லாருமாகச் சொல்லித்தான் அவர் ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்தார். ஒருவர் விரலையும் பதம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதே வேண்டுதல். தேங்காயின் கதை இவ்வளவுதான்.

புது வாள் நல்ல வாள். குறை சொல்ல இடமில்லை. சுவிட்சைப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. வந்தார்கள், வெட்டினார்கள், போனார்கள். ஆண்டியப்பன் முதல் சில நாட்கள் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். இரைச்சலில் எதையும் பேச முடியவில்லை. இரைச்சல் நின்றதும் பேச ஆளில்லை. ரூபாயின் மதிப்பு இறங்குவதாகப் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். மிதியின் மதிப்பு ஒரே நாளில் இல்லாமல் போனதை எந்தப் பேப்பரும் எழுதவில்லை. கடன்காரர்கள் தெருவில் நிற்பதை விட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

பழையதை அப்புறப்படுத்த வேண்டும் என்று வீரய்யா சொன்னபோது, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் ஆண்டியப்பன். அச்சைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய் ஒட்டி வந்தார். தன் காம்பராவில் சரோஜாவின் கட்டில் கிடந்த இடத்தில் மிதிவாளை நிறுத்தினார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பிறகுதான் கரண்ட் வெட்டு வந்தது. இருட்டும் நேரம் பார்த்து லயம் முழுக்க அணையும். எல்லாரும் மின்சார சபையின் குலம் கோத்திரத்தை விசாரித்துக்கொண்டிருக்க, ஆண்டியப்பன் மட்டும் முகம் கழுவி, சட்டை மாற்றி, குப்பி லாம்பைக் கொளுத்தி, கேத்தலில் வெட்ட வருகிறவருக்கும் சேர்த்து இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்தார். வதந்தி அந்தச் சட்டையிலிருந்துதான் கிளம்பியது. ஆனால் ஒருவரும் வரவில்லை. கரண்ட் வரும்வரை காத்திருக்க ஜனங்கள் பழகிவிட்டிருந்தார்கள். மிச்சத் தண்ணீரில் அவர் கால் கழுவிக்கொண்டு படுத்தார்.

கடைசியில் ஓர் அந்திக்கு நாகலெட்சுமி வந்தாள். மகள் கிருஷாந்திக்கு மறுநாள் காலையில் சடங்கு. பந்தலில் பெயர் வைக்க வேண்டும். பலகையில் எழுத்தை வரைந்து கொண்டுவந்திருந்தாள்.

“மாமா, இது இன்னும் ஓடுதுங்களா?”

ஆண்டியப்பன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

‘கி’ வந்தது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் புருஷன் இன்னும் வந்து சேரவில்லை என்றாள். ‘ரு’ வந்தது. சீர் கொண்டு வருகிற தாய்மாமன் இப்போதே தண்ணியில் இருக்கிறான் என்றாள். சீர் தட்டை ஆளோடு சேர்த்துத் தூக்க நாலு பேரைத் தயார் பண்ணு என்றார் ஆண்டியப்பன். அவள் சிரித்த சிரிப்பில் வாள் கோட்டைவிட்டு விலகி, ‘ஷா’வின் கால் கொஞ்சம் குறுகிப்போனது. கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. இறங்கித் தேத்தண்ணி ஊற்றலாம். இறங்கினால் வெட்டு நின்றுவிடும். அவர் இறங்கவில்லை.

கரண்ட் வந்துவிட்டது.

லயம் முழுக்கப் பிள்ளைகள் கத்தினார்கள். பக்கத்துக் காம்பராவில் டீவி பாடத் தொடங்கியது. இன்னும் இரண்டு எழுத்து பாக்கி. நாகலெட்சுமி தலைக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்தாள், அப்புறம் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டில் இன்னும் பலகாரம் சுட வேண்டும். அவள் சொல்லட்டும் என்று ஆண்டியப்பன் காத்திருக்கவில்லை. காலை எடுத்துவிட்டார்.

“பட்டறைக்குப் போயிரும்மா. சுருக்கா முடிஞ்சிரும்.”

அவள் எழுத்துகளை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“பழைய பாக்கியோட இதும் சேந்திருச்சிங்க மாமா. ஒங்களுக்கு என்னா வெட்டணும்? சொல்லுங்க, சடங்கு முடிஞ்சதும் வந்து மிதிக்கிறேன்.”

ஆண்டியப்பன் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு, கேத்தல், சாக்குக் கட்டில். சரோஜாவின் படத்துக்குச் சட்டம் ஏற்கெனவே இருந்தது.

“ஒண்ணுமில்லம்மா. அத விட்ரு.”

“விட முடியாதுங்க. மிதி வாங்கிட்டுச் சும்மா இருந்தாள்னு என்னைய யாரும் சொல்லக் கூடாது. பாத்து வைங்க.”

போய்விட்டாள். அவர் கேத்தலை இறக்கி ஒரு கோப்பையில் மட்டும் ஊற்றினார்.

சடங்குக்கு மறுவாரம் வீரய்யாவிடம் கேட்டுத் துண்டுப் பலகை ஒன்று வாங்கிவந்தார். அதைத் துடைத்து, பென்சில் சீவி, மிதிவாள் மேசையிலேயே வைத்தார். தைப்பொங்கல் போய், மழை வந்து, கரண்ட் வெட்டும் ஒழிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பார்க்கிறபோதெல்லாம் நாகலெட்சுமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்கிறாள், என்ன மாமா, கோடு போட்டாச்சா என்று.

“இன்னும் இல்லம்மா,” என்கிறார். “யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.”