அக்கா காத்திருந்த மழை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்றும் விடியற்காலை அரைத்தூக்கத்தில் மக்காச்சோளத் தோகைகள் உரசும் சத்தம் என் காதில் விழுகிறது. பயிருக்கு நடுவே அக்கா நடந்து போகிறார். தலை மட்டும் தெரிகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கொல்லையில் இறங்கிவிட்டால் அவருக்கு எப்போதுமே காது கேட்காது.

நல்லூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர் அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானபோது அவர் ஒன்பதாம் வகுப்பு. எனக்குப் பால் பல்கூட விழவில்லை. படிப்பை விட்டுவிட்டு, மழையை நம்பிய மானாவாரிக் கொல்லையையும் என்னையும் சேர்த்து வளர்த்தார். அக்காவைக் கட்டிக்கொண்டு மாமா எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். நான் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வேலைக்குப் போனேன்.

ஆடிப்பெருக்கன்று மக்காச்சோளம் விதைப்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த பிறகு மழை அந்த வழக்கத்தை மறந்துவிட்டது. ஒரு மழை பெய்யும், பயிர் முளைக்கும், பிறகு வாரக்கணக்கில் ஒரு பொட்டு இருக்காது. பட்டறையில் கழித்துப் போட்ட, விளிம்பு கோணிய டம்ளர் ஒன்றை நான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அக்கா அதை வரப்பில் வைத்து, மழை விட்டதும் விரலால் அளப்பார். ஒரே மழையில் இரண்டு விரற்கடை நின்றால்தான் விதை. அதுவும் கொல்லையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு நல்ல மழைக்கும் ஒரு பங்கு. “மொத்தத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுங்க” என்று அவர் சொல்லிச் சொல்லி, நாலைந்து வீட்டார் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் ஒப்புக்கொண்ட ஆண்டு, ஆடிப்பெருக்கன்று ஊரே வெள்ளாற்றுக்குப் போயிருந்தது. அக்காவும் மாமாவும் வேப்பூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். முந்தின நாள் மழை; டம்ளரில் ஒரு விரற்கடைகூட இல்லை. லீவில் வந்திருந்த எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அப்பா விதைத்த நாளாயிற்றே என்ற பெருமையில், இருந்த விதை முழுவதையும் பொழுது சாய்வதற்குள் ஊன்றி முடித்தேன். நான் ஊன்றியதைப் பார்க்க ஊரில் ஆளில்லை. மாமா என்னை முந்திரிக்கொட்டை என்பது சரிதான்.

முளைத்தது. சில நாள் பச்சைக் கனவுபோல இருந்தது. பிறகு அத்தனையும் கருகியது.

பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வந்து பார்த்தார். “ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நீயே அவசரப்பட்டுட்டியேம்மா” என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார்.

“ஆமாங்க. புத்தி கெட்டுப் போட்டுட்டேன்.”

வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் என்று கேட்டேன். “உனக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்கோம். கொல்ல வேலையில வெவரம் இல்லாதவன்னு பேரு எதுக்குடா? வா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

அடுத்த நல்ல மழைக்கு அந்தப் பெரியவரே விதை கொடுத்தார். எங்கள் கொல்லை பிழைத்தது. அக்காவின் சொல் பிழைக்கவில்லை. காத்திருக்க ஒப்புக்கொண்டவர்கள் ஆடிப்பெருக்குக்கே திரும்பிப் போய், இரண்டு ஆண்டுகள் பயிரைக் கருகக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக வந்து, “எப்பம்மா விதைக்கலாம்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்கா ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. நான்தான் அவர்களைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போனேன். கடைசி நாட்களில், சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். “இப்ப எதுக்குடா” என்று சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவின் நோயில் துணை நின்ற உறவினர்களுக்கும், அவரைச் சுமந்து சென்ற ஊராருக்கும், விதை தந்த பெரியவர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. எங்கள் கொல்லையைப் பார்த்து, அக்காவின் பேச்சை நம்பாமல் போய்ப் பயிரை இழந்த வீட்டார் என்னை மன்னிக்க வேண்டும். என்னைப் பார்க்கும்போது தாராளமாகத் திட்டுங்கள். அக்காவைப் பற்றிப் பேசும்போது மட்டும், அந்த ஒரு விதைப்பை அவர் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். அது என்னுடையது.

– தம்பி