நான் மாற்றி வாசித்த கடைசி அத்தியாயம்

அன்று தேயிலைத் தோட்டத்து அந்த லயத்து வீட்டுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் தம்பி பெண்டாட்டி செல்வி. அவள் மகள் யாழினி, பதினோரு வயது. அடுத்த வாசல் பேச்சியக்கா. தம்பி முருகேசன் இல்லை. அவன் இருந்திருந்தால் இதை எழுதவேண்டியே வந்திருக்காது.

நான் அந்தக் குழந்தையிடம் பொய் சொன்னேன். ஒரு பக்க அளவுப் பொய். அதை நம்பித்தான் அவள் தாயின் சங்கிலியை எடுத்துக் கொடுத்தாள். அடி அவளுக்கு விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது, அதனால் சொல்கிறேன்...

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மூணாறில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறேன்; தங்கியிருப்பது தம்பி வீட்டில். பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். மழை வலுத்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யானை இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

யாழினி படிப்பது இங்கிலீஷ் மீடியம். இரண்டாம் பாடம் மலையாளம். தமிழ் வாய் நிறையப் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். ஆகவே வாயனசாலை என்கிற ஊர் நூலகத்திலிருந்து தமிழ்க் கதைப் புத்தகங்களை எடுத்து வந்து நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். எட்டாம் வகுப்புக்காரிக்கு வேறு எங்கே அப்படி ஒரு மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள்?

அப்படி வந்ததுதான் அந்த மூன்று பாகக் கதை. மந்திரக் கோட்டை, பேசும் கழுகு, தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு வழிகாட்ட ஒரு திருடன். நீலக்குல்லா என்று பெயர்.

நல்ல இளவரசன் ஒருவனும் அந்தக் கதையில் உண்டு. அவன் பெயர் எனக்கு நினைவில்லை. நீலக்குல்லாவை மட்டும் மறக்க முடியவில்லை! வாயைத் திறந்தால் பொய். சத்திரக்காரியிடம் தன்னை ராஜவைத்தியன் என்பான். தூக்குமேடையில் நின்றுகொண்டு கயிறு நைந்திருக்கிறது என்று குறை சொல்வான். பிடிபட்டால் சிரிப்பான். எதற்கும் பயந்தவனில்லை... நானோ தீப்பெட்டிக்குப் பயந்தவள்.

ஏன் இப்படிப்பட்டவனைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது? நான் யோசித்திருக்கிறேன். நல்லவன் நல்லது செய்தால் அது அவன் வேலை. திருடன் செய்தால் அது நமக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. ஊரை ஏய்க்கிறவன் நம்மை மட்டும் ஏய்க்க மாட்டான் என்று ஒரு நினைப்பு... அந்த நினைப்பில்தான் எத்தனை சுகம்!

எனக்கு அந்தச் சுகம் புதிதில்லை. முருகேசன் ஜீப் ஓட்டினான். வழியில் கிடக்கும் ஏதோ ஒரு பாறையைக் காட்டி, ராஜா உட்கார்ந்த பாறை என்று கதை விட்டு, வந்தவர்களிடம் கூடுதல் காசு வாங்கிவிடுவான். என் கம்மலையும் அப்படித்தான் வாங்கிப் போனான். “ஒனக்குக் குடுக்காம வேற யாருக்குக்கா குடுக்கப் போறேன்” என்று அவன் சிரித்த சிரிப்பில், கொடுத்தது நானா அவனா என்றே எனக்குக் குழம்பிவிட்டது. எர்ணாகுளத்தில் வேலை என்று போனவன் பல மாதமாக வீட்டுக்கு வரவில்லை. யாழினி வாசலில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பாள்.

கடைசி அத்தியாயத்தை நான் லாட்ஜில், துவைத்த விரிப்புகள் அடுக்கிய அறையில், மத்தியானச் சோற்று நேரத்தில் முன்கூட்டியே வாசித்தேன். முன்னால் தெரிந்துகொண்டால் மனம் அடித்துக்கொள்ளாதே என்றுதான்.

நீலக்குல்லா அந்த இரண்டு பிள்ளைகளையும் கோட்டைக் காவலர்களிடம் விற்றுவிட்டான். விலை, அவனுடைய சொந்த விடுதலை. குதிரையில் ஏறிப் போனான். திரும்பிப் பார்க்கவே இல்லை. புத்தகம் முடிந்துவிட்டது!

எழுதின மனிதரை வாய்விட்டுத் திட்டினேன். மூன்று பாகம் முழுக்க அவனை நம்ப வைத்துவிட்டு இப்படியா செய்வது? சிறு பிள்ளைகளுக்கு எழுதுகிறவருக்கு ஒரு நாணயம் வேண்டாமா?

அன்று சாயங்காலம் யாழினிக்கு நான் வேறு முடிவை வாசித்தேன். என் முடிவில் குதிரை பாலத்தருகே நின்றது. நீலக்குல்லா திரும்பி வந்தான். விற்றதெல்லாம் ஒரு தந்திரம், சாவியைத் திருடத்தான் என்று கண்ணடித்தான். அச்சடித்த வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, அங்கே இல்லாத வார்த்தைகளைச் சொன்னேன். அவள் கை தட்டினாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். மறுநாளும் கேட்டாள். ஒரு சொல் பிசகாமல் சொல்வதற்காக, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதை மனப்பாடம் செய்தேன்.

யாருக்காகச் செய்தேன்? அவளுக்காக என்றுதான் அப்போது நினைத்தேன்...

லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை உள்ளவரைதான் கூரை. அதனால் செல்வி வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளி ஒரு சங்கிலி சேர்த்திருந்தாள். போடிப் பக்கம் மூன்று சென்ட் நிலம் பேசி, அதற்கு முன்பணமாக அதை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். நிலத்துக்காரர் பணம் கேட்டு ஆள் அனுப்பிய அன்று, பேச்சியக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு டின்னைக் கவிழ்த்தாள். அரிசிதான் கொட்டியது.

அப்போதுதான் யாழினி சொன்னாள். தனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாத ஒரு நாள், நாங்கள் இருவரும் வேலையில் இருக்கையில், அப்பா வந்தாராம். ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன், அம்மாவிடம் சொல்லாதே, ஆச்சரியமாக இருக்கட்டும் என்றாராம். இவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வாரம் கடந்து மாதமே ஆகியிருந்தது. முருகேசனின் போன் அணைந்து கிடந்தது.

செல்வி கூடைக் கயிற்றால் அடித்தாள். பேச்சியக்கா குறுக்கே விழுந்து தடுத்தாள். குழந்தை அழவில்லை. வந்துவிடுவார், வந்துவிடுவார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வருவான்னு ஒனக்கு யாருடி சொன்னா?” என்று கேட்டாள் செல்வி.

யாழினி என்னைப் பார்த்தாள்.

நீங்கள் அந்தப் பார்வையைப் பார்த்திருக்க வேண்டும். கெஞ்சல் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. காத்திருந்தாள். அவ்வளவுதான்.

நான் சிந்தின அரிசியை அள்ளக் குனிந்தேன்.

“யாருமில்ல” என்றாள் யாழினி.

முருகேசன் என்னை ஏமாற்றினான்; மெய்தான். அந்தப் புத்தகமும் ஏமாற்றியது. இரண்டையும் எண்ணி எண்ணி அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தை எண்ணினால் யார் பெயர் முதலில் வரும்?

அதற்கப்புறம் அவள் தமிழ் எழுத்தைத் தானாகவே கற்கத் தொடங்கினாள். தேனி பஸ் போர்டு, மளிகைப் பை, சினிமா போஸ்டர்... எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, பாருங்கள், எவ்வளவு பெரிய முட்டாள் நான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை லாட்ஜிலிருந்து வந்தபோது மூன்றாம் பாகம் அவள் மடியில் விரிந்து கிடந்தது. கடைசிப் பக்கம்.

“எத்தன தடவ வாசிச்சீங்க அத்தே. ஒரு வார்த்தகூட மாறல” என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“அன்னைக்கு அம்மா கேட்டப்ப நான் ஒங்களச் சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

இப்போது என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொள்கிறாள். காபி கொண்டுவந்து தருகிறாள். வாசிக்கச் சொல்வதில்லை.

செல்வி இன்னும் மகளை நம்புவதில்லை. வீட்டுச் சாவி பேச்சியக்காவிடம்தான். செல்வியோ பேச்சியக்காவோ வேலை விட்டு வரும்வரை பிள்ளை வாசலில் பையோடு நிற்கும். அப்பன் புத்தி என்று சொல்லிக் காட்டாத நாள் குறைவு. ஒரு வார்த்தை... நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் செல்வி என்னை இந்த வீட்டில் வைத்திருப்பாளா? நான் எங்கே போவேன்? ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளுகிறேன்.

அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துச் செல்வியிடம் கொடுக்கிறேன். சங்கிலிக் கடனை நான் அடைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. உதவி என்றே நினைக்கிறாள். போன மாதம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கூடப் பொறந்தவன் செஞ்சதுக்கு நீங்க ஏன் மதினி கஷ்டப்படுறீங்க. ஒங்க மனசு யாருக்கு வரும்?” என்றாள். பக்கத்தில் யாழினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இன்னும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் பாக்கி.