டாக்டரைக் கண்டதும் எழுந்து நின்றவர்

குரும்பலூர் அழகேசன் டாக்டரை ஏமாற்றுகிற ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. டாக்டரிடம் போவதற்கு முந்தின மூன்று நாள், அவரைப் போல ஒழுக்கமான சர்க்கரை நோயாளியைப் பெரம்பலூர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. காலையில் கம்பங்கூழ், மத்தியானம் இரண்டு கரண்டி சோறும் முருங்கைக்கீரையும், ராத்திரிக்குப் பேருக்கு ஒரு தோசை. டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்ட கடைக்காரர், அழகேசன் பார்க்கிற பார்வையை ஒரு வாரம் மறக்க மாட்டார். நான்காம் நாள் டவுனுக்குப் போய் ரத்தம் கொடுத்து, "நல்லா வச்சிருக்கீங்க அழகேசன்" என்று டாக்டர் சிவசுப்பிரமணியன் வாயால் கேட்டுக்கொண்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு செட் பூரி, இரண்டு ஜாங்கிரி. மாதத்தில் மூன்று நாள் நோயாளி, மற்ற நாளெல்லாம் மனுஷன். பன்னிரண்டு வருஷமாக இந்த ஏற்பாட்டில் டாக்டருக்கும் திருப்தி, அழகேசனுக்கும் திருப்தி.

சிவசுப்பிரமணியன் மேல் அவருக்கு இருந்தது மரியாதை அல்ல, பக்தி. வெளியே எண்பது பேர் காத்திருக்க, ஆளுக்கு இரண்டு நிமிஷம். அதில் ஒன்றரை நிமிஷம் மக்காச்சோளம் எப்படி, மழை எப்படி, மகள் பிரவீணா சென்னையில் சௌக்கியமா என்பதிலேயே போய்விடும். மீதி அரை நிமிஷத்தில் வைத்தியம். போனில் டாக்டர் பார்க்கலாம் என்று பிரவீணா சொல்லும்போதெல்லாம் அழகேசனுக்குக் கோபம் வரும். கை வைத்துப் பார்க்காத வைத்தியம் ஒரு வைத்தியமா என்பார். "அவர் கை வைக்கிறது உங்க ஃபைல் மேலதானப்பா" என்பாள் பிரவீணா. அதுவும் உண்மைதான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்கிக்கொண்டு உட்காருகிறவரின் காலை எந்த டாக்டர் பார்க்கப் போகிறார்?

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்திரைத் தேருக்குக் குரும்பலூரிலிருந்து சமயபுரத்துக்கு நடக்கிற கூட்டத்தில், முன்னால் மஞ்சள் கொடி பிடித்துப் போகிறவர் அழகேசன். பத்தொன்பது வருஷம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே, வெறுங்காலில். தார் உருகி ஒட்டுகிற வெயிலில் மற்றவர்கள் ரோட்டோர மண்ணுக்குத் தாவும்போது, அவர் மட்டும் நடு ரோட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடப்பார். சுடவில்லையா என்று கேட்டால், ஆத்தா அருள் என்பார். இந்த அருள் அவருக்கு நாலைந்து வருஷமாகத்தான் கூடியிருந்தது.

இந்த வருஷம் இருபதாவது நடை. அதற்குப் பிறகு கொடியைத் தருவதானால் தரலாம், அதற்கு முன்னால் கிடையாது என்று அவர் முடிவு செய்திருந்தார். வாங்கிக்கொள்ள மச்சான் கலைச்செல்வன் தயாராக இருந்தான். மனைவி ஜானகியின் தம்பி. எட்டு வருஷமாக, பஸ்ஸில் எழுந்திருக்கப் போகிறவர் பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி, கொடிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான். அவனுக்கும் சர்க்கரை இருக்கும் என்று ஜானகிக்குச் சந்தேகம். டெஸ்ட் எடுக்காத வரைக்கும் இல்லை என்பது அவன் கட்சி.

மாசிக் கடைசியில் சோளத்தட்டை அறுத்த கொல்லையில் அடிக்கட்டை ஒன்று அழகேசனின் வலது கால் பெருவிரல் ஓரத்தில் ஏறிவிட்டது. ஏறினது அவருக்குத் தெரியாது. வீட்டுத் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததைப் பார்த்துப் பூனை எலி பிடித்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார். பிறகுதான் பூனையும் எலியும் தானே என்று தெரிந்தது. மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்தார். ஜானகிக்குத் தெரிந்தால் அவள் தம்பிக்குத் தெரியும். தம்பிக்குத் தெரிந்தால் கொடி போச்சு. ஆபீசர் மாதிரி வூட்டுக்குள்ள செருப்பென்ன என்று ஜானகி கேட்டதற்கு, தரை சில்லிடுகிறது என்றார். பங்குனி மாதத்தில்.

அந்த நேரம் பார்த்து சிவசுப்பிரமணியன் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போய்விட்டார். மாத்திரையும் தீர்ந்துவிட்டது. பிரவீணா சென்னையிலிருந்தே போன் டாக்டருக்கு நேரம் வாங்கிவிட்டாள். மாத்திரைச் சீட்டுக்கு மட்டும்தான் என்ற நிபந்தனையோடு அழகேசன் ஒத்துக்கொண்டார். முந்தின மூன்று நாள் விரதம் இருக்க முடியவில்லை. காலையில் சொல்லி மத்தியானம் வருகிற டாக்டரை அவர் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் டவர் ஒழுங்காக எடுக்கிற ஒரே இடம் கொல்லைப்புறத்தில் தரையோடு பதித்த துணி துவைக்கிற கல். போனை அதன்மேல் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்தார். ஜானகி பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மணி மூன்றுக்குப் போனில் ஒரு இளம் பெண்ணின் முகம் வந்தது. டாக்டர் பூவிழி.

டாக்டர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அழகேசனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டென்று எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, உட்காருங்க. முகம் தெரியலை."

"இருக்கட்டும் டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க."

"எனக்கு உங்க கால் மட்டும்தான் தெரியுது." டாக்டரின் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. "வலது பெருவிரல்ல மஞ்சளா என்ன அப்பியிருக்கு?"

ஜானகி கையிலிருந்த ஈரப் புடவையோடு வந்து குனிந்து பார்த்தாள். பிழிந்த புடவையை இன்னொரு தரம் பிழிந்தாள். முப்பது வருஷ அனுபவத்தில் அழகேசனுக்கு அதன் பொருள் தெரியும்.

வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். வலியாவது, தார் ரோடே எனக்குச் சுடாது, ஆத்தா அருள் என்று அழகேசன் ஆரம்பித்தார். எத்தனை வருஷமாகச் சுடவில்லை என்று கேட்டார் டாக்டர். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

"இது போன்ல பார்க்கிற விஷயமில்லைங்கய்யா. நாளைக்கு நேர்ல வாங்க."

நேரில் வா என்று சொல்வதற்கு ஒரு போன் டாக்டர். அழகேசனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அமெரிக்காவுக்கா என்று கேட்டார். அரியலூருக்கு என்றார் டாக்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அரியலூரில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் தூண்டில் நரம்பு போல ஒன்றை எடுத்துக்கொண்டு பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் பூவிழி. குத்துவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். அழகேசன் சமர்த்தாகக் காத்திருந்தார். கடைசியில் பொறுக்க மாட்டாமல், "ஆரம்பிங்க டாக்டரம்மா, எனக்குப் பயமெல்லாம் இல்லை" என்றார். ஜானகி மெதுவாகச் சொன்னாள்: "எட்டு எடத்துல குத்தியாச்சுங்க."

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் இடது பாதத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு வைத்தியம் இரண்டு விதமாகவும் நடந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஜானகி புண்ணைப் படமெடுத்து அனுப்பினாள். பத்து நாளைக்கு ஒரு தரம் நேரில் போனார்கள். இதில் அழகேசன் எதிர்பார்க்காத கஷ்டம் ஒன்று இருந்தது. ஜானகியிடம் டாக்டர் நம்பர் இருந்தது. கால் படத்தோடு, கேட்காமலே தட்டுப் படமும் போக ஆரம்பித்தது. ஒரு நாள் ஜாங்கிரியும் போனது. மூன்று நாள் நோயாளியாக இருந்தவர் முப்பது நாளும் நோயாளியானார். புண் ஆறிக்கொண்டே வந்தது.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சமயபுரத்துக்கு நடக்கலாமா என்று கேட்டே விட்டார். புண் ஆறிவிட்டது, தோல் புதுசு, வெறுங்காலில் அவ்வளவு தூரம் கூடவே கூடாது என்றார் பூவிழி. இருபதாவது வருஷம் என்றார் அழகேசன். இருபத்தொன்றுக்கும் கால் வேண்டாமா என்றார் டாக்டர்.

சிவசுப்பிரமணியன் ஊர் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், கடைசி நம்பிக்கையாக அங்கே போனார். இந்தத் தடவை காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்து, பூவிழி நடக்கக் கூடாது என்ற கதையையும் சொன்னார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மக்காச்சோளத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"பன்னண்டு வருஷமா வரீங்க அழகேசன். உங்க காலை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. கொடியைக் கொடுத்துடுங்க."

கொடுத்தார். நடை கிளம்புகிற சாயங்காலம் கோயில் வாசலில், எல்லார் முன்னாலும், மச்சானின் கையில். கலைச்செல்வன் வாங்கும்போது ஏனோ அழுதுவிட்டான். அழகேசன் அழவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மோர் டிரம் ஏற்றிய டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். இதுவும் இருபதாவது தரம் போவதுதான் என்று வழியெல்லாம் டிரைவரிடம் வாதாடினார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பாடாலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கூட்டம் மோர் குடிக்க நின்றது. கலைச்செல்வன் கொடியோடு வந்தான். வெயில் ஏறிவிட்டது. எல்லாரும் ரோட்டோர மண்ணில் வர, அவன் மட்டும் நடுத் தாரில் நடந்து வந்தான். அழகேசன் கையிலிருந்த மோர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"சுடலையா மாப்ள?"

"ஒண்ணும் தெரியலை மாமா. ஆத்தா அருள்."

அழகேசன் டெம்போவிலிருந்த நாற்காலியை இறக்கி அவனை உட்காரவைத்து, கொடியைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அதைத் தரையோடு தரையாக மோர் டிரம்மில் சாய்த்து வைத்தார். மணி அடித்தது. பூவிழியின் முகம் வந்தது.

"எந்திரி மாப்ள" என்றார் அழகேசன். "டாக்டரம்மா முன்னால உட்கார்ந்திருக்கிறதா?"